கூலி இல்லாத நூல்

நூற்பு நிலையங்களில் ராட்டை சுற்றிய அம்மாமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,



உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவிநாசிக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். ஓட்டுக் கட்டடம், வாசலில் வேப்பமரம், உள்ளே வரிசையாக அம்பர் ராட்டைகள். பாதிக்கு மேல் துணி போட்டு மூடிக் கிடந்தன. ஓடியவை ஏழு. கடைசி ராட்டையில் இருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலக்கை பிடியைச் சுற்றியது. இடக்கை எட்டுக் கதிர்களின் மேலும் ஓடி, அறுந்த இழையை ஒட்டிவிட்டு, அடுத்தது எங்கே என்று காத்திருந்தது. அவர் கண் என்மேல்தான் இருந்தது.

நானும் நூற்பேன் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "எத்தனை சிட்டம் ஆவுது? எங்க போடற? சிட்டத்துக்கு என்ன தராங்க?"

"எங்கயும் போடறதில்லீங்கம்மா. சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் பேர் சேந்து தக்ளியிலயும் பெட்டி ராட்டையிலயும் நூக்கறோம். அவ்வளவுதானுங்."

கை நின்றது. எட்டுக் கதிர்களும் நின்றன.

"ஏங்கண்ணு, கூலியில்லாம யாராச்சும் நூப்பாங்களா?"

அந்தக் குரலில் கேலி இல்லை. நாற்பது வருஷம் நூற்றவர், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டு வருஷமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. உங்களில் பலருக்கும் அதே கேள்வி இருக்கும் என்பதால், அன்றைக்கு அவருக்குச் சொல்லாமல் வந்த பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரி. பனியன் கம்பெனியில் 26 வருஷம் கணக்கு எழுதினேன். எங்கள் ஊரில் நூல் என்றால் விலைதான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் டீக்கடையில் அன்றைக்கெல்லாம் அதுவே பேச்சு. 30ஆம் நம்பர், 34ஆம் நம்பர், 40ஆம் நம்பர் என்று நாள் முழுக்க எழுதியிருக்கிறேன். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுதான் நூலின் நம்பர் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கஜங்களில் ஒன்றையாவது விரல் நடுவே பிடித்து, இது எப்படி உண்டாகிறது என்று நான் பார்த்ததில்லை. மூட்டையாக வந்தது, பில்லாகப் போனது.

வேலையை விட்ட வருஷம், போர்வை வாங்க ஒரு கதர்க் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியின் மூலையில் ஒரு தக்ளி கிடந்தது. பித்தளை வட்டு, நடுவே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சின்னக் கொக்கி. கையில் எடுத்ததும் வைக்க மனம் வரவில்லை. கூடவே ஒரு கட்டுப் பஞ்சுப் பட்டையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் படித்தது ஆதாரப் பள்ளியில். 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து புறப்பட்ட திட்டம் அது. கைத்தொழில் வழியாகவே கணக்கும் பாடமும் வர வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அப்பாவின் வகுப்பில் வாத்தியார் நூலை முழம்போட்டு அளந்தார். குறைந்தால் அடி, அறுந்தால் அடி. அறுபது வருஷம் கழித்தும் அந்தப் பித்தளை வட்டைத் தொட அவருக்கு மனம் இல்லை. அடிக்குப் பயந்து நூற்ற அப்பா ஒரு பக்கம், அரிசிக்காக நூற்ற நீங்கள் ஒரு பக்கம். இரண்டு நிர்ப்பந்தமும் இல்லாமல் இதற்குள் வந்தவள் நான். அதனால்தான் உங்களிடம் பேசும்போது எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் நூல் வரவில்லை. பட்டையை இழுத்தால் பஞ்சு பிய்ந்துகொண்டு வரும். தக்ளி தரையில் விழுந்து உருளும். கொஞ்சம் நீண்டாலும் ஓரிடத்தில் கயிறு, அடுத்த இடத்தில் மயிரிழை. மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்ற அமைதியில் உட்கார்ந்து சும்மா இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விரல் நுனியில் ஏதோ ஒன்று நகர்ந்தது. பஞ்சு தானாக வழுகி இறங்குகிறது. கீழேயிருந்து முறுக்கு ஏறி வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. முறுக்கு எங்கே நிற்கிறது, பஞ்சு எங்கே இன்னும் பஞ்சாகவே இருக்கிறது என்ற எல்லை, எறும்பு ஊர்வதுபோல விரலுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்க்க முடியாத அந்த எல்லையை விரல் பார்த்தது. ஒரு முழம், இரண்டு முழம், எழுந்து நின்று இன்னும் ஒரு முழம். அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல், என் கையிலிருந்து முதன்முறையாக ஒரு பொருள் பிறந்தது.

அதற்குப் பிறகு பெட்டி ராட்டை. எரவாடா சிறையில் இருந்த காலத்தில் காந்தி செப்பம் செய்த வடிவம் அது. பெட்டியை மூடினால் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். வலக்கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இடக்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். கதிரின் நுனியில் நூல் வழுக்கி வழுக்கி, ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு முறுக்கு ஏறும். கை எட்டும் மட்டும் போனதும் இன்னும் ரெண்டு சுற்று. பிறகு சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, கையை உயர்த்தி, நூலைக் கதிரில் ஏற்ற வேண்டும். மறுபடி இழுப்பு. இது ஒரு மூச்சுப்போல. இழுக்கும்போது உள்ளே, சுற்றும்போது வெளியே. அரைமணி நேரம் போனால் தோள் இறங்கிவிடும், தாடை இளகிவிடும். மருந்துக்கடையில் வாங்க முடியாத ஒரு தூக்கம் அன்றிரவு வரும்.

கணக்கு எழுதிய பழக்கம் என்னை விடவில்லை. தக்ளியில் மணிக்கு 100 கஜம் நூற்பேன் என்று வைத்துக்கொண்டேன். 20ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 16,800 கஜம். வகுத்துப் பார்த்தேன்: 168 மணி நேரம். ஏழு நாளை 24ஆல் பெருக்கினால் வருவதும் அதே 168. இரவும் பகலும் கண் மூடாமல் ஒரு வாரம் நூற்றால், அரைக் கிலோவுக்கும் குறைவான நூல். காகிதத்தில் அந்த எண்ணைப் பார்த்தபோது, அலமாரியிலிருந்த சேலைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது. எந்திரம் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் உடுத்திய ஒவ்வொரு முழத்துக்கும் யாரோ ஒரு பெண் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். பாயில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு கண், இழைக்கு ஒரு கண். நெய்தவர் பெயர் சாதியாகவும் தெருவாகவும் நிலைத்தது. நூற்றவள் பெயர் எங்கும் இல்லை.

முழுக்க இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நம் பழைய பாடல்களில் அவள் இருக்கிறாள். புறநானூற்றுப் பாட்டொன்றில், இராத்திரி எழுந்து பஞ்சின் தூசைப் புடைக்கிற பெண்ணின் சிறு விளக்கு எரிகிறது. நற்றிணைப் புலவர் ஒருவர் மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடுகிறார். அவருக்குக் கிடைத்தது, ஆண் துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் ஆக்கிய நுண்ணிய பஞ்சுநூல். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி, நன்னூலில், நூல் எழுதுவது எப்படி என்று சொல்லவந்த இடத்தில் நூற்கும் பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே அந்தப் பெண், அவன் வாயே அவள் கை, அவன் அறிவே அவள் கதிர். அறிவைக் கதிர் என்றாரே, அங்கேதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. கதிர் நிமிர்ந்து நின்று ஆடாமல் சுழன்றால்தான் இழை வரும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காத ஆள் அந்த உவமையை எழுத முடியாது.

போன வருஷம் சனிக்கிழமைகளில் நூற்கிற நாங்கள் எல்லோரும் ஒரு வேன் பிடித்துக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். தங்கக் காதணிக்கும் எழுத்துப் பொறித்த ஓட்டுக்கும் முன்னால் கூட்டம். எங்கள் கூட்டம் மட்டும் தக்ளிகள் இருந்த இடத்தில் நின்றுவிட்டது. சுட்ட மண்ணில் செய்த சின்ன வட்டுகள், நடுவில் துளை. எங்களில் ஒருவர் கைப்பையிலிருந்து தன் தக்ளியை எடுத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிடித்தார். ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான தூரம் ஒரு சாண் கண்ணாடியில் அடங்கிவிட்டது. திரும்பி வரும்போது ஒருவர் சொன்னார், நம்ம நொய்யல் கரையில் கொடுமணலிலேயும் இதே வட்டுகள்தானே எடுத்தார்கள் என்று. உண்மைதான். எங்கள் ஊர்ச் சாயத் தண்ணீர் ஓடிய அதே ஆற்றின் கரையில்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மா கேட்டதற்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பதினொரு பேர். ஒரு வீட்டு மொட்டைமாடி. மழை வந்தால் மாடிப்படி. ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸ், ராத்திரி டூட்டி முடிந்து தூங்கி எழுந்து நேராக வருவார். ஒருவர் கல்லூரியில் படிக்கும் பையன், அவன் அம்மாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை, இப்போது முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புகிறார். ஒருவருக்கு நூற்பு வராது, குரோஷா பின்னுவார். ஒருவர் ஒயர் கூடை. இன்னொருவர் பத்தமடைப் பக்கம், கோரைப் பாய் நெய்கிற வீட்டில் பிறந்தவர். ஊறவைத்த கோரையை மயிரிழையாகக் கிழித்து, ஒரு பாய்க்கு மாசக்கணக்கில் உட்காருகிற அந்தப் பொறுமை அவர் நடையிலேயே தெரியும். பருத்தி நார், கோரை, கம்பளி நூல், பிளாஸ்டிக் ஒயர் எல்லாம் அந்த மாடியில் ஒன்றுதான். நீண்ட ஒன்றைக் கையால் பிடித்து, இன்னொன்றோடு சேர்த்து, பிரியாமல் செய்வது.

பூக்கடை அக்காவைச் சொல்லாமல் விடக் கூடாது. மாடிக்குக் கீழே தள்ளுவண்டியில் பூ விற்பவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி மேலே வந்தார். நான் இரண்டு வாரம் திணறியதை அவர் பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் வாழைநாரில் மல்லிகை கட்டிய விரல்கள் அவை. எந்த அழுத்தத்தில் நார் அறுக்கும், எந்த அழுத்தத்தில் காம்பு நசுங்கும் என்று அவற்றுக்குத் தெரியும். "இது பூவவிட லேசு கண்ணு, வாடாது" என்றார். இப்போது அவர்தான் புதிதாக வருகிறவர்களுக்குக் கை பிடித்துக் காட்டுகிறார்.

நூற்கிற கூட்டத்தில் பேச்சு வேறுமாதிரி நடக்கிறது. கை வேலையில் இருப்பதால் யாரும் யாரையும் நேராகப் பார்த்துக்கொள்வதில்லை. அதனால் சொல்ல முடியாதவை வெளியே வருகின்றன. நர்ஸ் தன் வார்டில் அன்று இறந்துபோன குழந்தையைப் பற்றிப் பேசியது அப்படித்தான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எல்லோரும் கைவேலையை நிறுத்தாமல் இருந்தோம். அவர் இழை அறுந்தபோது பக்கத்தில் இருந்தவர் கை நீட்டி ஒட்டிக் கொடுத்தார். உங்கள் நிலையங்களிலும் இப்படித்தான் இருந்திருக்கும். மாமியார் கதை, கடன் கதை, பெண் பார்க்க வந்தவர்கள் கதை எல்லாம் ராட்டைச் சத்தத்துக்குள்ளேதானே போய் வந்திருக்கும்? அதற்குக் கூலிக் கணக்கில் இடம் இல்லை. ஆனால் அந்த ஓட்டுக் கட்டடத்தை விட்டு வராமல் அந்த அம்மா இன்னும் கடைசி ராட்டையில் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

அடுத்து பஞ்சு. இதில் எனக்கு நிறையச் சொல்ல ஆசை, சுருக்கிக்கொள்கிறேன். முதல் வருஷம் கடையில் கிடைத்த பட்டையிலேயே நூற்றோம். அப்புறம் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் விவசாயி ஒருவரிடமிருந்து கருங்கண்ணிப் பருத்தி வாங்கினோம். நம் மண்ணின் பருத்தி, மானாவாரி. வெடித்த காய் தலை கவிழ்ந்து தொங்குவதால் மழை உள்ளே இறங்காது. இழை குட்டை, ஓர் அங்குலத்துக்கும் குறைவு. மில் எந்திரத்துக்கு நீள இழைதான் வசதி. அதனால் அமெரிக்க வகைப் பருத்தி நாடு முழுக்கப் பரவியது, கருங்கண்ணி ஓரத்துக்குப் போயிற்று. கைக்கு அந்தக் குறை இல்லை. குட்டை இழைக்கு முறுக்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். விரல் அதைத் தானே கண்டுகொள்கிறது. எந்திரம் தள்ளிவிட்ட ஒன்றை விரல் ஏற்றுக்கொள்கிறது என்பதை நான் கையில் பார்த்தேன்.

பலகைமேல் பருத்தியை வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால், பஞ்சு பின்னால் தங்க, கொட்டை முன்னால் துள்ளி விழும். எடையில் மூன்றில் இரண்டு பங்கு கொட்டைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை அந்தக் கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பருத்திப்பால் காய்ச்சினோம். மதுரையிலிருந்து வந்து குடியேறிய ஒருவர்தான் பக்குவம் சொன்னார். பருத்தி வாங்கி, கொட்டை எடுத்து, வில்லால் அடித்து, குச்சியில் உருட்டிப் பட்டை போட்டு, நூற்று, அதே பருத்தியின் பாலைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்தை நான் எதற்கும் மாற்றித் தர மாட்டேன்.

அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அம்மா, கூலி இல்லாமல் யாரும் சோறு பொங்குவதில்லையா, கோலம் போடுவதில்லையா, பூக் கட்டுவதில்லையா? கைக்கு அது வேண்டியிருக்கிறது. எனக்கும் அது வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தேன்.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் உங்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். எனக்கு விளையாட்டு, உங்களுக்கு வயிறு. நான் கை வலித்தால் எழுந்துவிடுவேன். நீங்கள் எழுந்தால் சிட்டம் குறையும். நூற்பின் இன்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உங்கள் தோள்பட்டையைப் பற்றி எழுதுவதில்லை. நான் போன நிலையத்தில் ஒரு அக்கா வலக்கையை உயர்த்தித் தலை வாரிக்கொள்ள முடியாமல் மகளை வாரச் சொல்வதாகச் சொன்னார். கதருக்குள் எல்லாருக்கும் பின்னால்தான் நூற்றவருக்குக் கூலி போய்ச் சேர்ந்தது. காந்தியே இதை 1935இல் உணர்ந்து, நூற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும், கதர் விலை ஏறினால் ஏறட்டும் என்று தம்முடைய நூற்போர் சங்கத்தையே நெருக்கினார். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னால், 1925இல், அவரே தொடங்கிய சங்கம் அது. அன்றைக்கு எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காந்தி என்றதும் எல்லோரும் ராட்டையோடு பிறந்தவர்போல் அவரை நினைக்கிறோம். 1909இல் 'இந்திய சுயராஜ்யம்' எழுதியபோது அவர் ராட்டையைப் பார்த்தது கிடையாது. தம் சுயசரிதையில் அவரே அப்படி எழுதியிருக்கிறார். சபர்மதியில் தறி போட்டார்கள், நெய்யக் கற்றார்கள், ஆனால் நூல் மில்லிலிருந்து வந்தது. நூற்கத் தெரிந்த ஆள் அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கங்காபென் மஜ்முதார் என்ற கைம்பெண் ஒருவர்தான் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் கண்டுபிடித்தார். பல வீட்டுப் பரண்களில் ராட்டைகள் வேண்டாத சாமானாகக் கிடந்தன. அந்த வீட்டுப் பெண்கள் சொன்னது ஒன்றுதான்: பட்டை கொடுத்தால், நூலை வாங்கிக்கொண்டால், நாங்கள் நூற்போம். நாடே கொடியில் வரைந்துகொண்ட சக்கரம் அந்தப் பரண்களிலிருந்து இறங்கியது. பெயர் தெரியாத அந்த விஜாப்பூர்ப் பெண்கள் மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.

இன்னொன்றும் நினைக்கிறேன். 1929இல் நல்ல ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று அந்த நூற்போர் சங்கம் அறிவித்தது. ஒரு பெண் எட்டு மணி நேரம் அலுப்பில்லாமல் சுற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகுதான் நம் தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் ஒரு ராட்டை செய்தார். அவர் பெயரின் பாதியே அதற்குப் பெயராயிற்று: அம்பர். நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சுற்றியது அதைத்தான். அதைச் செய்தவர் பெயர் எப்படியோ நின்றுவிட்டது. அதை ஓட்டி ஓட்டி, எந்தப் பல்சக்கரம் எந்த மாசம் தேயும், ஈரப்பதம் குறைந்த நாளில் எவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் எப்படி ஒட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள். அது எந்தக் காகிதத்திலும் இல்லை.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எங்களில் பாதிப் பேர் நூற்கக் கற்றது கைபேசியில். வெளிநாட்டுப் பெண்கள் ஆட்டுக் கம்பளியை நூற்கும் படங்களைப் பார்த்து. அவர்கள் நல்ல மனசுக்காரர்கள், தாராளமாகச் சொல்லித் தருகிறார்கள், அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் கம்பளி இழை நீளம், வழுக்கல் வேறு, இழுப்பு வேறு. பருத்தியின் சந்தேகத்துக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதில் இருபது கிலோமீட்டர் தூரத்தில், துணி போட்டு மூடிய ராட்டைகளின் பக்கத்தில், உங்கள் கையில் இருக்கிறது. இத்தனை நாள் உங்களிடம் வந்து கேட்காமல் இருந்தது எங்கள் தவறு.

வாருங்கள். ராட்டை சுற்ற வேண்டாம், கை வலிக்குமே என்று பயப்பட வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள், திருத்துங்கள், திட்டுங்கள். கூலி இல்லாமல் நூற்பது எங்கள் ஆசை. கூலி இல்லாமல் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பது நியாயம் இல்லை. பாட்டு வாத்தியாருக்கும் டியூஷன் டீச்சருக்கும் என்ன தருகிறோமோ அதைப் பதினொரு பேரும் சேர்ந்து உங்களுக்குத் தருவோம். போக வரப் பஸ் செலவும், ராத்திரிச் சாப்பாடும் எங்களுடையது. ஒரு சனிக்கிழமைக்கு ஒருவர் வந்தாலும் போதும். வர முடியாதவர்கள் ஊரைச் சொன்னால் நாங்களே வருகிறோம்.

கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம். ஆடி மாசக் காற்றுக்கு இழை அறுந்துகொண்டே இருக்கிறது. டாக்காவில் மஸ்லினுக்கு நூற்ற பெண்கள் காலைப் பனியிலும் அந்தி ஈரத்திலும் மட்டும் நூற்றார்களாம். நீங்கள் ஆடியில் என்ன செய்தீர்கள்? தரையில் தண்ணீர் தெளித்தீர்களா, ஈரச் சாக்கு கட்டினீர்களா? கருங்கண்ணிப் பட்டையை எந்தப் பருமனில் உருட்ட வேண்டும்? சிட்டம் போடும்போது நூல் சுருண்டுகொள்கிறதே, முறுக்கு அதிகமா, சுற்றின வேகம் அதிகமா? நூற்கும்போது பாட்டு உண்டா? உண்டென்றால் எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா?

அந்த வேப்பமரத்து நிலையத்து அம்மாவுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் கேட்டதற்கு இவ்வளவு நீளமாகத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அன்றைக்கு உங்கள் ராட்டையின் பக்கத்தில் ஒரு சின்னச் சுத்தி இருந்தது. வளைந்த கதிரைக் காதோரம் பிடித்து, சுழலவிட்டு, சத்தத்தைக் கேட்டே எங்கே கோணல் என்று கண்டுபிடித்து, ரெண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தினீர்கள். நாங்கள் மாசக்கணக்காக முயன்றும் அது எங்களுக்கு வரவில்லை. எங்கள் மூன்று கதிர்கள் வளைந்து கிடக்கின்றன. வரும்போது அந்தச் சுத்தியைக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி
திருப்பூர்